7 சென்டிமீட்டர் பென்சிலை 8 என்று சொல்லும் குழந்தை: நீளம் அளக்க எப்படிச் சொல்லித் தருவது?

கேள்வி இது: ஆறரை வயது மகள், ஸ்கேலை வைத்து எதை அளந்தாலும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகச் சொல்கிறாள். 7 செ.மீ. பென்சில் அவளுக்கு 8. "0-விலிருந்து வை" என்று சொல்லிப் பார்த்தாயிற்று. சில நாள் சரியாக வருகிறது, சில நாள் இல்லை. கவனம் இல்லையா, புரியவில்லையா? எப்படிச் சொல்லித் தருவது?

கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். கவனம் இல்லாத குழந்தைக்கு ஒரு நாள் 6 வரும், இன்னொரு நாள் 9 வரும். தப்பும்போதெல்லாம் ஒன்றே கூடுகிறது என்றால் அவள் ஒரு விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறாள், விதிதான் தவறு. அது எந்த விதி என்று கண்டுபிடிப்பது முதல் வேலை. ஏனென்றால் இரண்டு வெவ்வேறு தவறுகள் இதே 8-இல் கொண்டுபோய் விடும்.

ஒன்று, பென்சிலின் அடியை 1 என்ற எண்ணில் வைத்துவிட்டு, நுனி தொடுகிற எண்ணை வாசிப்பது. மற்றொன்று, 0-வில் சரியாகவே வைத்துவிட்டு, பென்சிலை ஒட்டி வருகிற பெரிய கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணுவது. 0 முதல் 7 வரை இடைவெளி ஏழுதான், ஆனால் கோடு எட்டு. விரித்த கையில் விரல் ஐந்து, நடுவில் இருக்கும் சந்து நான்கு என்பது போலத்தான்.

எது என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை போதும். நீங்களே பென்சிலை 3 என்ற எண்ணில் ஆரம்பிக்கிற மாதிரி வையுங்கள். நுனி 10-இல் நிற்கும். "இது எவ்வளவு நீளம்?" என்று மட்டும் கேளுங்கள், வேறெதுவும் சொல்லாதீர்கள். 10 என்றால், அவள் நுனியில் இருக்கும் எண்ணை வாசிக்கிறாள். பென்சில் எங்கே ஆரம்பிக்கிறது என்பது அவள் கணக்கிலேயே இல்லை. 8 என்றால், 3-லிருந்து 10 வரை உள்ள கோடுகளை எண்ணுகிறாள். 7 என்றால் அவளுக்கு விஷயம் தெரியும்; ஸ்கேலை வைக்கும் பழக்கம்தான் இன்னும் படியவில்லை. ஒரே கேள்வி, மூன்று விடை, மூன்றுக்கும் வேறு வேறு வைத்தியம். விடை வந்ததும் "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டு, விரலால் காட்டச் சொல்லுங்கள். வாயால் விளக்கத் தெரியாத குழந்தைகூட விரலால் தெளிவாகக் காட்டிவிடும்.

இந்தத் தவறு உங்கள் மகளுக்கு மட்டும் உரியது இல்லை. அமெரிக்காவில் நாடு தழுவிய மதிப்பீட்டுத் தேர்வு ஒன்றில், ஒரு பல்குத்தும் குச்சியை ஸ்கேலின் நடுவில் வைத்துப் படமாகக் கொடுத்து நீளம் கேட்டார்கள். குச்சி 8-இல் ஆரம்பித்துப் பத்தரையில் முடிந்தது. விடை இரண்டரை. நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தவறவிட்டார்கள். சிலர் நுனியைப் பார்த்துப் பத்தரை என்றார்கள். சிலர் 8, 9, 10 என்று கோடுகளை எண்ணி மூன்றரை என்றார்கள். உங்கள் மகளைவிட இரண்டு மூன்று வயது மூத்த பிள்ளைகள்!

ஏன் இப்படி ஆகிறது? குழந்தை அதுவரை எண்ணியது எல்லாம் தனித்தனிப் பொருள்களை: பந்து, படி, விரல். அங்கே எண்ணிக்கை 1-இல்தான் ஆரம்பிக்கும், 0 என்று யாரும் ஆரம்பிப்பதில்லை. ஸ்கேலில் கண்ணுக்குத் தெரிகிற தனிப்பொருள் கோடும் எண்ணும்தான். அளக்கப்படுகிற இடைவெளியோ வெறுமையாக இருக்கிறது. எண்ணத் தகுந்த ஒன்றாகவே அது குழந்தைக்குத் தெரியாது. ஸ்கேலில் இருக்கும் 7 என்பது அந்தக் கோட்டின் பெயர் என்று அவள் நினைக்கிறாள். ஆரம்பத்திலிருந்து அந்தக் கோடு வரை ஏழு சமமான துண்டுகள் கடந்தாகிவிட்டன என்பதுதான் அதன் பொருள். இது மனதில் விழுந்துவிட்டால் 0-வில் வைப்பதா, 3-இல் வைப்பதா என்ற பிரச்சினையே இல்லை. விழாதவரை "0-வில் வை" என்பது ஒரு மந்திரம் மாதிரிதான். ஞாபகம் இருக்கிற நாளில் பலிக்கும்.

அதனால் ஸ்கேலைக் கொஞ்ச நாளைக்கு எடுத்து வைத்துவிடலாம். நிரந்தரமாக அல்ல, இரண்டு மூன்று வாரம் போதும்.

முதலில் அடிப்படையான ஒன்றைச் சரிபாருங்கள். நீளம் ஒப்பிடும்போது இரண்டு பொருள்களின் ஒரு முனையை ஒரே மட்டத்தில் வைக்க அவளுக்குத் தோன்றுகிறதா? சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே செய்து பார்த்த பிரபலமான சோதனை ஒன்று உண்டு. சம நீளமுள்ள இரண்டு குச்சிகளை அருகருகே வைத்து, "இரண்டும் ஒரே நீளமா?" என்று கேட்பது. ஆமாம் என்று குழந்தை ஒப்புக்கொண்ட பிறகு, ஒன்றைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவிட்டு மறுபடி கேட்பது. நாலைந்து வயதுக் குழந்தைகள் பலர், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சிதான் நீளம் என்பார்கள். பின்னால் அதே அளவு குறைந்திருப்பதை அவர்கள் கண் பார்ப்பதில்லை. நுனியை மட்டும் பார்க்கும் பழக்கம் இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. முன்பு சொன்ன சோதனையில் உங்கள் மகள் 10 என்று சொல்லியிருந்தால், அவள் ஸ்கேலில் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

இந்தப் புரிதல் தானாக வரும்வரை அளப்பதையே தள்ளிப்போட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அளந்து அளந்து பார்ப்பதே அந்தப் புரிதலைக் கொண்டு வரும். குழந்தை தவறாகச் சொன்னால் வாதாடாமல், குச்சியை மறுபடி பழைய இடத்துக்கே தள்ளி, "இப்போ?" என்று கேளுங்கள். நாலு தடவை முன்னும் பின்னும் தள்ளினால் அவளே சிரிக்க ஆரம்பித்துவிடுவாள்.

அடுத்தது, பக்கத்தில் கொண்டு வரவே முடியாத இரண்டு பொருள்கள். "இந்த மேஜை அந்தக் கதவு வழியாகப் போகுமா?" மேஜையைத் தூக்காமல் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கயிற்றைக் கையில் கொடுங்கள். மேஜையின் அகலத்துக்குக் கயிற்றைப் பிடித்து, அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு, கதவுக்குக் கொண்டுபோனால் விடை கிடைத்துவிடும். இதில் எண்ணே இல்லை, கவனித்தீர்களா? ஆனாலும் அளத்தலின் உயிர் இதில்தான் இருக்கிறது: ஒரு பொருளின் நீளத்தை இன்னொன்றில் ஏற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோக முடியும் என்பது. சோவியத் உளவியலாளர் வசீலி தவீதோவ் உருவாக்கிய தொடக்கப்பள்ளிக் கணிதப் பாடத்திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் குழந்தைகள் நீளம், எடை, கொள்ளளவு ஆகியவற்றை ஒப்பிட்டுப் பழகிய பிறகுதான் எண்ணுக்கே வருவார்கள். ஓர் அளவு இன்னொன்றில் எத்தனை தடவை அடங்குகிறது என்பதிலிருந்து எண் பிறக்கும். அவ்வளவு தூரம் நாம் போக வேண்டியதில்லை. ஆனால் கயிறு விளையாட்டை வெறும் முன்னோட்டம் என்று அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள்.

அப்புறம் துண்டுகளை அடுக்குவது. ஒரே அளவுள்ள பொருள் நிறைய வேண்டும்: தீக்குச்சி, ஜெம் கிளிப், வெட்டிய அட்டைத் துண்டுகள், எதுவானாலும் சரி. புத்தகத்தின் ஓரத்தில் முனையோடு முனை சேர்த்து அடுக்கி, எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். இங்கே நீங்கள் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதுதான் கஷ்டம். நடுவில் சந்து விடுவாள். ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிவிடுவாள். வரிசை வளைந்துகொண்டு போகும். கடைசித் துண்டு புத்தகத்தைத் தாண்டி வெளியே நிற்கும். தீக்குச்சி தீர்ந்துவிட்டால் கிளிப்பை எடுத்து நிரப்பிவிட்டு, "மொத்தம் ஒன்பது" என்பாள். எதையும் உடனே திருத்தாதீர்கள். அதே புத்தகத்தை நீங்களும் அளந்து, உங்களுக்கு வேறு எண் வரட்டும். "எனக்கு ஏழு, உனக்கு ஆறு. புத்தகம் ஒண்ணுதானே?" சந்து விட்டதுதான் காரணம் என்று அவளே கண்டுபிடித்தால், அது பத்து தடவை நீங்கள் சொல்வதற்குச் சமம்.

ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைகளைப் பல பள்ளிகளில் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். வேலை சுத்தமாக முடியும், உண்மைதான். ஆனால் அவற்றில் சந்தே விழாது, ஒன்றன் மேல் ஒன்று ஏறவும் செய்யாது. ஏன் சந்து விடக்கூடாது என்ற கேள்வி எழுவதற்கே வாய்ப்பில்லாமல் போகிறது. ஆரம்பத்தில் கொஞ்சம் சிதறக்கூடிய துண்டுகளே நல்லது என்பேன்.

நிறையத் துண்டுகளை வைத்து அளப்பது கைவந்த பிறகு, ஒரே ஒரு துண்டை மட்டும் கொடுங்கள். இது பெரிய தாவல். துண்டை வைத்து, அது முடியும் இடத்தில் பென்சிலால் கோடிட்டு, துண்டை நகர்த்தி அந்தக் கோட்டிலிருந்து மறுபடி வைத்து, எத்தனை தடவை நகர்ந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சில குழந்தைகள் கோடிடாமல் விரலை வைத்து அளப்பார்கள். விரலின் அகலம் ஒவ்வொரு தடவையும் சேர்ந்துவிடும். பாதத்தோடு பாதம் ஒட்டி நடந்து அறையை அளக்கும்போதும் ஒரு வேடிக்கை நடக்கும். முதல் பாதத்தைச் சுவரோரமாக வைத்துவிட்டு, அடுத்த காலை எடுத்து வைக்கும்போதுதான் "ஒண்ணு" என்று சில குழந்தைகள் ஆரம்பிப்பார்கள். அவர்கள் எண்ணுவது காலை நகர்த்தும் செயலை. பாதம் அடைத்துக்கொண்ட இடத்தை அல்ல. அறை ஒரு பாதம் சிறுத்துவிடும்! கோடுகளை எண்ணுபவளுக்கு ஒன்று கூடுகிறது, காலடியை எண்ணுபவளுக்கு ஒன்று குறைகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

இந்தக் கட்டத்திலேயே இன்னொன்றையும் தொட்டுவிடலாம். ஒரே புத்தகத்தைப் பெரிய கிளிப்பால் அளந்தால் ஐந்து, சின்னக் கிளிப்பால் அளந்தால் எட்டு. "எட்டுதானே பெரிசு, அப்போ இப்போதான் புத்தகம் நீளம்" என்று சொல்லும் குழந்தைகள் உண்டு. அளப்பதற்கு முன்பே, "சின்னக் கிளிப்பால் அளந்தா நிறைய வேணுமா, கொஞ்சம் போதுமா?" என்று கேட்டுவிடுங்கள். ஊகித்துவிட்டு அளந்தால் ஒட்டும். சாண், பாதம் என்று உடம்பால் அளக்கும் விளையாட்டுகளை மட்டும் ரொம்ப நீட்ட வேண்டாம். ஆளுக்கு ஆள் மாறும் அளவுகோலை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் அளப்பதில், "அளவு எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்" என்ற செய்திக்கு மேல் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை. அதை அரை மணி நேரத்தில் காட்டிவிடலாம்.

இப்போது ஸ்கேலுக்குத் திரும்பலாம். கடையில் வாங்கியது வேண்டாம், அவளே செய்யட்டும். இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன்.

சுமார் 20 செ.மீ. நீளத்தில் ஒரு கெட்டித் தாள் பட்டையை வெட்டுங்கள். ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள அட்டைத் துண்டு ஒன்றைக் கொடுத்து, பட்டையின் ஓரத்திலிருந்து ஆரம்பித்து அதை நகர்த்தி நகர்த்திக் கட்டம் போடச் சொல்லுங்கள். கட்டங்களுக்கு மாற்றி மாற்றி இரண்டு நிறம் தீட்டட்டும். எண் எதுவும் வேண்டாம். சில நாள் இந்த எண்ணில்லாப் பட்டையால் எல்லாவற்றையும் அளக்கட்டும். இப்போது எண்ணுவதற்குக் கோடு இல்லை, கட்டம்தான் இருக்கிறது. வெறுமையாக இருந்த இடைவெளிக்கு நிறம் வந்துவிட்டதால் அது ஒரு பொருளாகிவிட்டது. பொருளைப் பட்டையின் நடுவில் வைத்தாலும் அதே எண்ணிக்கைதான் வரும் என்று இங்கேயே காட்டிவிடலாம். நடுவில் வைத்து அளப்பது குற்றமில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து எண்ணி எண்ணி அலுத்துப்போய், "நம்பர் போட்டுக்கலாமா?" என்று அவளே கேட்பாள். கேட்கவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். எண்ணை எங்கே எழுதுவது என்பதை அவள் முடிவுக்கு விடுங்கள். பெரும்பாலும் கட்டத்தின் நடுவில் எழுதுவாள். எழுதட்டும். அடுத்து, ஆறரைக் கட்டம் நீளமுள்ள ஒரு பொருளை அளக்கக் கொடுங்கள். நுனி, 7 என்று எழுதிய கட்டத்தின் பாதியில் நிற்கும். ஏழு என்பாளா, ஆறும் பாதியும் என்பாளா? "ஏழாவது கட்டம் முழுசா முடிஞ்சிருச்சா?" என்று கேட்டால், எண் கட்டத்தின் நடுவில் இருப்பது குழப்புகிறது என்று அவளுக்கே புரியும். கட்டம் முடிகிற கோட்டில் எண்ணை மாற்றி எழுதுவாள். இப்போது கேளுங்கள்: "பட்டை ஆரம்பிக்கிற இந்த ஓரத்தில என்ன எழுதலாம்? இங்கே நிக்கும்போது எத்தனை கட்டம் முடிஞ்சிருக்கு?" ஒன்றும் முடியவில்லை. அப்படித்தான் 0 அங்கே வந்து உட்கார்கிறது. இனி 0-வில் வைப்பது உங்கள் கட்டளை இல்லை, அவள் பட்டையின் நியாயம்.

கடை ஸ்கேலை இந்தப் பட்டையின் பக்கத்தில் வைத்து, எது எதற்குச் சமம் என்று பார்க்கச் சொல்லுங்கள். அங்கே சில வில்லங்கங்கள் உண்டு. பல பிளாஸ்டிக் ஸ்கேல்களில் ஓரத்துக்கும் 0-வுக்கும் நடுவில் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும். பட்டையில் ஓரமே 0 என்று பழகியவள் இதிலும் ஓரத்தில் வைப்பாள். அளவு அரை சென்டிமீட்டர் போலக் குறைந்து வரும். அதைத் தவறு என்று சொல்லாமல், "இந்த ஸ்கேல்ல முதல் கட்டம் எங்கே ஆரம்பிக்குது?" என்று கேளுங்கள். இன்னொரு ஓரத்தில் அங்குலம் இருந்தால் அதன் மேல் ஒரு தாளை ஒட்டி மறைத்துவிடுங்கள். ஓர் அங்குலம் 2.54 செ.மீ.; தெரியாமல் அந்தப் பக்கம் வைத்தால் 7 செ.மீ. பென்சில் மூன்றைக்கூடத் தொடாது. தச்சர்கள் வைத்திருக்கும் உலோகச் சுருள் டேப்பின் நுனியிலுள்ள கொக்கி லேசாக ஆடும். அது பழுதில்லை. பொருளின் ஓரத்தில் மாட்டி இழுக்கும்போதும், சுவரில் முட்ட வைக்கும்போதும் கொக்கியின் கனம் கணக்கில் தவறாக வராமல் இருக்க வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். பெரியவர்களின் கருவிகளிலும் "எங்கே ஆரம்பிக்கிறது" என்பதுதான் தலைவலி என்று மகளிடம் காட்ட இது நல்ல சாக்கு. கண்ணை நுனிக்கு நேர் மேலே வைத்துப் பார்ப்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுங்கள். தடிமனான ஸ்கேலைச் சாய்வாகப் பார்த்தால் அளவு மாறித் தெரியும்.

அப்புறம், உடைந்த ஸ்கேல் கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். முதல் நாலு சென்டிமீட்டர் இல்லாத ஸ்கேலைவிட நல்ல பாடக் கருவி இல்லை. இல்லாவிட்டால் நல்ல ஸ்கேலின் முன்பகுதியைத் தாளால் மூடிவிடுங்கள். "0-வே காணோம், இதை வைத்து அளக்க முடியுமா?" முடியாது என்பாள் முதலில். பிறகு கட்டங்களை எண்ணுவாள். இன்னும் சில மாதங்களில் நுனி எண்ணிலிருந்து ஆரம்ப எண்ணைக் கழித்தால் போதும் என்று கண்டுபிடிக்கலாம். அந்தக் கழித்தலை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அதுவும் இன்னொரு மந்திரமாகிவிடும்.

பயிற்சித்தாள்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலானவற்றில் பொருளின் படமும் ஸ்கேலின் படமும் ஏற்கெனவே 0-வில் சரியாகப் பொருத்தி அச்சிடப்பட்டிருக்கும். குழந்தை செய்ய வேண்டியது நுனியில் இருக்கும் எண்ணை எழுதுவது மட்டும். இதில் இருபது மதிப்பெண்ணுக்கு இருபது வாங்கும் குழந்தையும் 3-இல் வைத்த பென்சிலை 10 என்று சொல்லலாம். அது வாசிப்புப் பயிற்சி, அளக்கும் பயிற்சி அல்ல. நிஜப் பொருளை நிஜமான காரணத்துக்காக அளக்கச் சொல்லுங்கள்: புத்தகத்துக்கு அட்டை போட, பொம்மைக்குப் பெட்டி செய்ய, படத்தைச் சுவரின் நடுவில் மாட்ட. அளவு தப்பினால் அட்டையே போதாமல் போகும். திருத்துவதற்கு நீங்கள் தேவைப்பட மாட்டீர்கள். அளப்பதற்கு முன் ஊகிக்கவும் சொல்லுங்கள். அவளுடைய எந்த விரலின் அகலம் ஒரு சென்டிமீட்டருக்குக் கிட்டத்தில் இருக்கிறது, அவள் சாண் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து வைத்துக்கொண்டால் ஊகம் சீக்கிரம் கூர்மையாகும். வளைந்த கோட்டை அளக்க நூலை அதன் மேல் ஒட்டிப் போட்டு, பிறகு நிமிர்த்தி அளக்கலாம். இரண்டு முனைகளும் பக்கத்தில் இருந்தாலும் நடுவில் வளைந்து போன பாதை நீளமாக இருக்கலாம் என்பது பல குழந்தைகளுக்கு ஆச்சரியம்தான்.

வயதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நாலைந்து வயதில் நேரடியாக ஒப்பிடுவது, ஆறு வயதை ஒட்டித் துண்டுகளை அடுக்குவது, ஏழு எட்டு வயதில் ஸ்கேலைப் புரிந்து பயன்படுத்துவது என்பது தோராயமான போக்கு. முன்னே பின்னே இருக்கும். பள்ளியில் "0-விலிருந்து ஆரம்பி" என்று மட்டும் சொல்கிறார்கள் என்றால் அதை மறுக்கவும் வேண்டாம். அது வசதியான பழக்கம், ஏன் வசதி என்பதை வீட்டில் தெரிந்துகொள்ளட்டும்.

மிச்சம் வரும்போது "ஏழும் கொஞ்சமும்" என்றாலே போதும். பிறகு "ஏழரைக்குக் கொஞ்சம் குறைவு" என்று வளரும். மில்லிமீட்டரை நீங்களாக எடுக்க வேண்டாம். அந்தச் சின்னக் கோடுகள் எதற்கு என்று அவள் கேட்கும் நாளில், ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை சின்ன இடைவெளி இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். இரண்டு பெரிய கோடுகளுக்கு நடுவில் இருப்பது ஒன்பது சின்னக் கோடு, பத்து இடைவெளி. ஒன்பது என்றோ, பெரிய கோடுகளையும் சேர்த்துப் பதினொன்று என்றோ சொன்னால், அவள் மறுபடி கோடுகளை எண்ணுகிறாள். நிறக் கட்டப் பட்டையை வெளியே எடுங்கள். இந்தத் தடவை ஒரே கட்டத்தைப் பெரிதாக வரைந்து, அதைப் பத்தாகப் பிரித்து அவளையே நிறம் தீட்டச் சொல்லுங்கள்.